விருந்தாளியின் வரி

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில், சான் அன்டோனியோ நதிக்கரையோரமாகப் பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்பானியப் பாதிரிமார் ஸ்தாபித்த, 1836-ஆம் ஆண்டு யுத்தத்தினால் பிரசித்தியடைந்த அலமோ உள்ளிட்ட ஐந்து மடங்களை, 2015-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக யுனெஸ்கோ அங்கீகரித்தது. ஆனால் கீர்த்தி எந்தச் சுவருக்கும் சுண்ணாம்பு பூசுவதில்லை. அதற்குத் திரவியம் வேண்டும்.

புராதனக் கட்டடங்கள் நிறைந்த சான் அன்டோனியோ நகரம் கண்ட உபாயங்களுள் ஒன்று விடுதி வரி. வந்து தங்குகிற யாத்ரிகர் அறைவாடகையோடு சேர்த்துச் செலுத்தும் அவ்வரியில், மாநில அரசு தனக்கென நூற்றுக்கு 6 வீதம் வாங்குவது வேறு. நகரசபைக்குச் சேரும் பகுதியையோ, சபையார் தம் இஷ்டப்படி சாக்கடைக்கும் சாலைக்கும் செலவிட்டுவிட முடியாது. சுற்றுலாவையும் விடுதித் தொழிலையும் விருத்தி செய்யும் காரியமாகவும், சட்டம் பெயர் சுட்டிக் கூறிய இனங்களுள் ஒன்றாகவும் இருந்தாலன்றிச் செலவு செல்லாது. சரித்திரச் சின்னங்களின் புனருத்தாரணம் அவ்வினங்களுள் ஒன்று.

உள்ளூரில் வாக்கில்லாத விருந்தாளியிடம் வரி வாங்குவது சபையாருக்குச் சுலபம் என்பதையும் மறைப்பதற்கில்லை. எனினும் அவர் பார்க்க வந்ததே அந்தப் பழமையைத்தானே!