ஹெட்ஃபோனில் இருந்த குரல், ஃபோனில் காணோம்!

(எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் குறைத்திருக்கிறோம்.)

இன்னைக்கு விருந்தினர் யாரும் இல்லை, நான் மட்டும்தான். ஒரு மன்னிப்போட ஆரம்பிக்கிறேன். போன எபிசோடை வெளியான அன்னைக்கே கேட்டவங்கள்ல சிலருக்கு, அதுல பேசின அம்மாவோட குரலே கேட்டிருக்காது. உங்க ஃபோன்ல எந்தக் கோளாறும் இல்லை. தப்பு என்னோடது.

அந்த அம்மா டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவங்க. டிரங்க் கால் புக் பண்ணிட்டு மணிக்கணக்கா காத்திருந்த காலத்துல, ஒவ்வொரு லைனையும் கையால பிளக் பண்ணி இணைச்சவங்க. ஒரு சின்ன அரங்கத்துல, நாப்பது ஐம்பது பேர் முன்னாடி, நான் கேள்வி கேட்க அவங்க பேசினாங்க. அருமையா பேசினாங்க. ஒரு வாரம் உட்கார்ந்து எடிட் பண்ணி எபிசோடைப் போட்டேன்.

மறுநாள் காலைல அவங்ககிட்ட இருந்து ஃபோன். "தம்பி, நேத்து ராத்திரி வீட்ல எல்லாரும் சுத்தி உட்கார்ந்து போட்டுக் கேட்டோம். நீ கேள்வி கேட்குற. அப்புறம் சத்தமே இல்ல. மறுபடி நீ கேள்வி கேட்குற. நான் பேசினது சரியா இல்லன்னு எடுத்துட்டியாப்பா?"

எனக்கு ஒண்ணும் புரியல. "ஐயோ இல்லம்மா, ஒரு வார்த்தையும் எடுக்கலம்மா, பார்த்துட்டுக் கூப்பிடுறேன்"னு வெச்சுட்டு, ஹெட்ஃபோனை மாட்டி எபிசோடைப் போட்டேன். குரல் இருக்கு. முழுசா இருக்கு. சாஃப்ட்வேர்காரங்க எல்லாரும் வாழ்க்கைல ஒரு தடவையாவது சொல்ற வசனத்தை நானும் மனசுக்குள்ள சொன்னேன்: "என் மெஷின்ல ஓடுதே!"

அப்புறம்தான் ஹெட்ஃபோனைக் கழட்டிட்டு, வீட்ல கிடந்த பழைய ஃபோன்ல ஸ்பீக்கரைப் போட்டேன். என் கேள்வி கணீர்னு வருது. அடுத்து அவங்க பதில் வரணும். மெல்லிசா ஒரு இரைச்சல் மட்டும் வருது. குரல் இல்லை.

இரண்டு ஊஞ்சல்

என்ன நடந்ததுன்னு புரியணும்னா ஃபேஸ்னா என்னன்னு தெரியணும். பார்க்ல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஊஞ்சல் ஒரே வேகத்துல ஆடுதுன்னு வெச்சுக்கோங்க. ரெண்டும் ஒண்ணா முன்னாடி போய் ஒண்ணா பின்னாடி வந்தா, ஃபேஸ் வித்தியாசம் 0 டிகிரி. ஒண்ணு முன்னாடி போகும்போது இன்னொண்ணு சரியா பின்னாடி போனா 180 டிகிரி. ஒண்ணு உச்சத்துல இருக்கும்போது இன்னொண்ணு நடுவுல கடந்து போய்ட்டு இருந்தா 90 டிகிரி.

ஒலியும் முன்னும் பின்னும் ஆடுற காற்றழுத்தம்தான். ஸ்டீரியோன்னா இடது, வலதுன்னு ரெண்டு சானல். உங்க ஃபோன்ல ஒரே ஒரு ஸ்பீக்கர் இருந்தா, அது ரெண்டு சானலையும் கூட்டி ஒண்ணாக்கித்தான் வாசிக்கும். அதுதான் மோனோ. அப்படிக் கூட்டும்போது என்ன ஆகும்? ஒரே ஒலி ரெண்டுலயும் 0 டிகிரில இருந்தா அலை ரெண்டு மடங்கு, அதாவது 6 டெசிபல் கூடும். 90 டிகிரின்னா 1.4 மடங்கு, 3 டெசிபல் கூடும். 120 டிகிரின்னா ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. 180 டிகிரின்னா பூஜ்யம். ஒண்ணு தள்ள, இன்னொண்ணு இழுக்க, மொத்தத்துல ஒண்ணும் மிச்சமில்லை.

அந்த அம்மாவோட குரல் என் ஃபைல்ல அந்தக் கடைசி நிலைமையிலதான் இருந்தது. இடது சானலைத் தனியா கேட்டா நல்லா இருக்கு. வலதும் அப்படியே. சேர்த்தா செத்துப் போகுது. யூனிட் டெஸ்ட் எல்லாம் பாஸ், இன்டக்ரேஷன் ஃபெயில்!

எல்லாம் ஒரு கேபிளால

இது எப்படி நடந்தது? என் குரலுக்குச் சட்டைல ஒரு காலர் மைக், அது தனியா பதிவாச்சு. அவங்க மைக் அரங்கத்து மிக்ஸருக்குப் போச்சு. அந்த மிக்ஸரோட அவுட்புட்ல இருந்து என் ரெக்கார்டருக்கு ஒரு கேபிள் போட்டேன். ஒரு பக்கம் பெரிய பின், இன்னொரு பக்கம் ஹெட்ஃபோன் சைஸ் சின்னப் பின். ரெண்டு பின்லயும் ரெண்டு கருப்பு வளையம். பொருந்துச்சு, சத்தம் வந்துச்சு, நானும் சந்தோஷமா விட்டுட்டேன்.

ஆனா அந்த மிக்ஸர் அவுட்புட் ஸ்டீரியோ இல்லை. அது பேலன்ஸ்டு லைன். அதாவது, ஒரே ஒலியை ரெண்டு கம்பில அனுப்பும், ஒரு கம்பில நேரா, இன்னொண்ணுல தலைகீழா. வழியில கரண்ட் இரைச்சல் நுழைஞ்சா ரெண்டு கம்பிலயும் ஒரே மாதிரி நுழையும். அந்தப் பக்கம் இருக்கிற கருவி ஒண்ணுல இருந்து இன்னொண்ணைக் கழிக்கும். குரல் ரெண்டு மடங்காகும், இரைச்சல் கழிஞ்சு போயிடும். ரொம்ப அழகான ஏற்பாடு.

என் ரெக்கார்டருக்கு இதெல்லாம் தெரியாது. அதைப் பொறுத்தவரைக்கும் முதல் கம்பி இடது, ரெண்டாவது கம்பி வலது. அப்படியே பதிஞ்சு வெச்சுக்கிச்சு. கழிக்க வேண்டியதை ஃபோன் கூட்டிச்சு. அதனால நேர் எதிரா நடந்தது: குரல் போச்சு, இரைச்சல் மட்டும் மிச்சம். அந்த வீட்ல எல்லாரும் கேட்டது அந்த இரைச்சலைத்தான்.

இதுல என்னை ரொம்ப உறுத்துறது வேற. எடிட் பண்ணும்போதே எனக்கு ஏதோ வித்தியாசமா பட்டுச்சு. ஹெட்ஃபோன்ல என் குரல் நடு மண்டைல இருந்து வந்துச்சு. அவங்க குரல் எங்க இருந்து வருதுன்னே பிடிபடல. ரெண்டு காதுக்கும் வெளில, பின்னாடி எங்கேயோ பரவின மாதிரி இருந்துச்சு. "அரங்கத்து எதிரொலி போல, நல்லா அகலமா இருக்கே"ன்னு நினைச்சு விட்டுட்டேன். எதிர் ஃபேஸ்ல இருக்கிற ஒலி அப்படித்தான் கேட்கும்.

(ஆடியோவில் இங்கே ஒரே வாக்கியம் இரண்டு முறை ஒலிக்கும்: முதலில் எதிர் ஃபேஸில், பிறகு சரியான ஃபேஸில். ஹெட்ஃபோனில் ஒரு தடவை, ஃபோன் ஸ்பீக்கரில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.)

இன்வெர்ட், தள்ளுதல், ஃபேஸ் ஷிஃப்ட்

சரிபண்றது சுலபம். நான் ஆடாசிட்டிதான் பயன்படுத்துறேன். எஃபெக்ட் மெனுவுல இன்வெர்ட்னு ஒண்ணு இருக்கு, அலையைத் தலைகீழாக்கிடும். அவசரத்துல முழு டிராக்கையும் செலக்ட் பண்ணி இன்வெர்ட் அடிச்சேன். ஒண்ணும் மாறல. மாறாது! ரெண்டு சானலும் சேர்ந்து தலைகீழானா, அதுங்களுக்கு நடுவுல இருக்கிற உறவு அப்படியேதானே இருக்கும்?

அதனால முதல்ல டிராக் மெனுவுல போய் ஸ்டீரியோவைத் தனித்தனி மோனோ டிராக்காப் பிரிக்கணும். ஒண்ணை மட்டும் செலக்ட் பண்ணி இன்வெர்ட் பண்ணணும். அப்புறம் ரெண்டையும் சேர்த்து மோனோவாக்கணும். சேர்க்கும்போது சத்தம் உச்சத்தைத் தாண்டி உடையாம லெவலை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கோங்க. ஒரு சானலை அழிச்சுட்டாலும் வேலை முடியும்தான். ஆனா தலைகீழாக்கிச் சேர்க்கும்போது, பேலன்ஸ்டு லைன் செய்ய நினைச்ச கழித்தலை நாமளே செஞ்சிடுறோம். கேபிள்ல நுழைஞ்ச இரைச்சலும் குறையும்.

இங்க ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுறேன். ஒரு சானலைக் கொஞ்சம் நகர்த்தினாலும் ஃபேஸ் மாறும்தானேன்னு கேட்பீங்க. மாறும், ஆனா ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் வேற வேற அளவுல. 1 மில்லிசெகண்ட் தள்ளுறோம்னா, 500 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அது அரைச் சுற்று, அதாவது 180 டிகிரி. 1000 ஹெர்ட்ஸுக்கு ஒரு முழுச் சுற்று, திரும்ப 0. மோனோவுல கூட்டினா 500, 1500, 2500னு இடம்விட்டு இடம்விட்டுப் பள்ளம் விழும். சீப்பு மாதிரி. குரல் தகர டப்பாக்குள்ள இருந்து வர மாதிரி ஆயிடும். ஒரே ஆளை ரெண்டு மைக்ல பதியும்போது வர்ற பிரச்சினை இதுதான். ஒலி 1 மில்லிசெகண்டுல சுமார் 34 சென்டிமீட்டர் போகும். ஒரு மைக் அவ்வளவு தள்ளி இருந்தாலே போதும். அதுக்கு மருந்து, டிராக்கைத் திரும்ப நகர்த்தி ரெண்டு அலையையும் ஒண்ணுக்கு நேரா ஒண்ணு வைக்கிறது. இன்வெர்ட் அதுக்கு உதவாது.

மூணாவது வகை, அசல் ஃபேஸ் ஷிஃப்ட். எல்லா ஸ்வரத்தையும் ஒரே கோணத்துல, உதாரணமா 90 டிகிரி, திருப்புறது. நகர்த்தியும் இது வராது, தலைகீழாக்கியும் வராது. இதுக்கு ஹில்பர்ட் டிரான்ஸ்ஃபார்ம்னு ஒரு கணக்கு இருக்கு. பைத்தான் எழுதுறவங்களுக்கு சைபை லைப்ரரில ஹில்பர்ட்னே ஒரு ஃபங்ஷன் இருக்கு.

இதெல்லாம் யாருக்கு வேணும்? 1960களோட கடைசிக்குப் போவோம், அமெரிக்கா. ஸ்டீரியோ இசைத்தட்டு வந்துடுச்சு, ஆனா பல வீட்லயும் ரேடியோவுலயும் இன்னும் மோனோதான். பாடகர் குரலை நடுவுல கேட்க வைக்கணும்னா ரெண்டு சானல்லயும் ஒரே மாதிரி வைப்பாங்க. மோனோவுல கூட்டினா நம்ம கணக்குப்படி குரல் 6 டெசிபல் ஏறும். ஒரே சானல்ல இருக்கிற கிதார் ஏறாது. குரல் மட்டும் முட்டிக்கிட்டு நிக்கும். ஏ அண்ட் எம் ரெக்கார்ட்ஸ்ல தலைமை இன்ஜினியரா இருந்த ஹாவர்ட் ஹோல்சர் ஒரு கருவி செஞ்சார். ஹேகோ சிஎஸ்ஜின்னு பேர். ரெண்டு சானலுக்கும் நடுவுல 90 டிகிரி ஃபேஸ் வித்தியாசத்தை வேணும்னே போட்டார். இப்ப மோனோவுல குரல் 3 டெசிபல்தான் ஏறும். பிரச்சினை தீர்ந்துச்சு.

தீரல! மோனோல கேட்டவங்களுக்கு நல்லது. ஸ்டீரியோவுல கேட்டவங்களுக்கு, நடுவுல நிக்க வேண்டிய பாடகர் கலங்கலாப் பரவிட்டார். மோனோக்காரங்க போய்ச் சேர்ந்தாங்க, அந்தக் கலங்கல் மட்டும் தட்டுல தங்கிடுச்சு. இன்னைக்கு அந்தத் தட்டுகளை டிஜிட்டலா மாத்துறவங்க, ஒரு சானலை 90 டிகிரி எதிர்ப்பக்கம் திருப்பி அதைச் சரிபண்றாங்க. எந்தப் பக்கம் திருப்பணும்னு தெரியலன்னா ரெண்டையும் செஞ்சு பாருங்க. சரியான பக்கம் திருப்பினா குரல் நடுவுல வந்து நிக்கும். தப்பான பக்கம்னா 90ம் 90ம் சேர்ந்து 180. மோனோவுல குரல் காணாமப் போயிடும், என் எபிசோட் மாதிரியே.

அவங்க மோனோக்காரங்களுக்காக ஸ்டீரியோக்காரங்களைக் கெடுத்தாங்க. நான் ஹெட்ஃபோன்லயே கேட்டுக்கேட்டு, ஸ்பீக்கர்ல கேட்கிறவங்களை மறந்துட்டேன்.

நீங்க செய்ய வேண்டியது

பாட்காஸ்ட், ரீல்ஸ், கல்யாண வீடியோ, எது எடிட் பண்ணினாலும் இந்த மூணையும் செய்யுங்க.

ஒண்ணு, எக்ஸ்போர்ட் பண்றதுக்கு முன்னாடி மோனோவுல ஒரு தடவை கேளுங்க. ஆடாசிட்டில ஸ்டீரியோவை மோனோவா மிக்ஸ் பண்ற வசதி இருக்கு, கேட்டுட்டு அன்டூ பண்ணிடலாம். ரெண்டு, உங்க சாஃப்ட்வேர்ல கோரிலேஷன் மீட்டர் இருந்தா பாருங்க. முள் +1 பக்கம் இருந்தா ரெண்டு சானலும் ஒத்துப்போகுது. 0 பக்கம்னா ரொம்ப விலகி இருக்கு. -1 பக்கமே நின்னா, மோனோவுல ஏதோ காணாமப் போகப் போகுதுன்னு அர்த்தம். மூணு, ஒரே ஆள் பேசுறதைப் பதியும்போது மோனோவிலேயே பதியுங்க. ஒரு வாய்க்கு ரெண்டு சானல் எதுக்கு?

எபிசோடைச் சரிபண்ணி அன்னைக்குச் சாயங்காலமே மாத்திட்டேன். முன்னாடியே டவுன்லோட் பண்ணி வெச்சிருந்தவங்க அதை அழிச்சுட்டுத் திரும்ப இறக்கிக்கோங்க. அந்த அம்மாவுக்கு ஃபோன் போட்டு, கேபிள் கதையைச் சொல்ல ஆரம்பிச்சேன். எப்படிப் புரிய வைக்கிறதுன்னு நான் யோசிச்சுட்டு இருக்கும்போதே, "ரெண்டு கம்பில ஒண்ணு மாறிப் போச்சு, அவ்வளவுதானே"ன்னாங்க. முப்பது வருஷம் லைன் பார்த்தவங்க.

கொஞ்ச நேரம் கழிச்சுக் கேட்டாங்க: "நாங்க லைன் போட்டதும், அந்தப் பக்கம் கேட்குதான்னு கேட்டுட்டுத்தான் விடுவோம். நீ யாரையும் கேட்கலையா தம்பி?"

இல்லம்மா, கேட்கலன்னேன்.

அன்னைக்கு ராத்திரி மறுபடி எல்லாரும் உட்கார்ந்து கேட்டிருக்காங்க. இந்தத் தடவை பேத்தி ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தா: "அண்ணா, பாட்டி குரல் கேட்குது."

இந்த எபிசோடையும் அந்தப் பழைய ஃபோன்ல, ஸ்பீக்கர்ல போட்டுக் கேட்டுட்டுத்தான் ஏத்துறேன். அடுத்த வாரம் பார்ப்போம்.