பண்டிகைத் திரையும் பழகிய கதையும்
(நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கிய மேடையில் திரைப்படத்துக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக் கூடும். பொங்கல், தீபாவளி, சரசுவதி பூசை, சிவராத்திரி ஆகிய நாள்களில் ஒருசில பழைய படங்களைத் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வருகின்றன. ஒருமுறை படித்த கவிதையை மறுமுறை படிக்க வைப்பது எத்துணை அரிது என்பதை இங்கு அமர்ந்திருக்கும் கவிஞர்கள் நன்கறிவார்கள். அவ்வாறிருக்க, முப்பது முறை பார்த்த படத்தை முப்பத்தோராம் முறையும் பார்க்கச் செய்வது எது? இவ்வினா திரைத்துறைக்கு மட்டும் உரியதன்று. படைப்பாளர் ஒவ்வொருவருக்கும் உரியது.

பண்டிகைக்கும் திரைக்கும் உள்ள உறவு பழமையானது. 1944ஆம் ஆண்டு தீபாவளியன்று வெளிவந்த எம்.கே. தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்', சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்பது தமிழ்த் திரை வரலாற்றில் நிலைத்துவிட்ட செய்தி. 1964ஆம் ஆண்டு பொங்கலுக்குப் பி.ஆர். பந்துலுவின் 'கர்ணன்' வந்தது. 1987 தீபாவளிக்கு 'நாயகன்', 1991 தீபாவளிக்குத் 'தளபதி' எனப் பட்டியல் நீளும். புத்தாடை, பலகாரம், பட்டாசு என்ற வரிசையில் புதுப்படமும் ஒன்றாயிற்று.

ஆயினும் பண்டிகைக்கு வெளிவந்த படம் வேறு. பண்டிகைப் படம் வேறு. இவ்வேறுபாட்டை நாம் கருத்தில் கொள்ள வேண்டும். 'நாயகன்' சிறந்த படம்தான். தீபாவளிக்கு வந்த படமும்தான். எனினும் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மூன்று தலைமுறையும் கூடி அமர்ந்து பார்க்கும் படமாக அதனை யாரும் கொள்வதில்லை. மாறாக, ஏ.பி. நாகராஜனின் 'திருவிளையாடல்' 1965ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் வெளிவந்தது. அஃது எந்தப் பண்டிகையையும் ஒட்டி வரவில்லை. பிற்காலத்தில் மக்களே அதனைப் பண்டிகைக்கு உரியதாக்கிக் கொண்டனர். 1966இல் வந்த 'சரஸ்வதி சபதம்' நவராத்திரிக்கு உரியதாயிற்று. சிவராத்திரி இரவில் கண்விழிப்போருக்காகத் திரையரங்குகள் இரண்டு மூன்று பக்திப் படங்களை விடிய விடியத் தொடர்ந்து காட்டிய காலத்தை இங்குள்ள மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள்.

மேலை நாட்டிலும் இந்நிலையைக் காண்கிறோம். அமெரிக்காவில் 1946இல் பிராங்க் காப்ரா இயக்கிய 'இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்' என்னும் படம், வெளிவந்தபோது எதிர்பார்த்த வருவாயை ஈட்டவில்லை. 1974இல் அதன் பதிப்புரிமை புதுப்பிக்கப்படாமல் போயிற்று. கட்டணமின்றிக் கிடைத்த அப்படத்தைத் தொலைக்காட்சி நிலையங்கள் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் பருவத்திலும் ஒளிபரப்பின. தோல்வியுற்ற படம் ஒரு நாட்டின் பண்டிகைச் சொத்தாயிற்று. செருமனியிலோ, 1963இல் பதிவு செய்யப்பட்ட 'டின்னர் ஃபார் ஒன்' என்னும் சிறு நகைச்சுவை நாடகத்தைப் பார்க்காமல் பலருக்கு ஆண்டின் கடைசி இரவு நிறைவதில்லை. ஒரு படைப்பு நிலைப்பதற்கு அதன் தகுதியோடு, மீண்டும் மீண்டும் மக்கள் முன் வரும் வாய்ப்பும் வேண்டும் என்பதை இவை உணர்த்துகின்றன.

எனினும் வாய்ப்பு மட்டும் போதுமா? எத்தனையோ படங்கள் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டும் மறக்கப்பட்டன. ஆகவே நிலைத்தவற்றின் காரணங்களை ஆராய்தல் வேண்டும்.

முதற்காரணம், முடிவு தெரிந்த கதையின் இன்பம். இதனை விளக்க நான் வெளியூர் செல்ல வேண்டியதில்லை. நம் திருவண்ணாமலையில் தை இரண்டாம் நாள் திருவூடல் விழா நடைபெறுகிறது. அம்மையும் அப்பனும் ஊடுவார்கள், பின்னர்க் கூடுவார்கள். ஊடல் தீராமல் போய்விடுமோ என்று ஐயுற்று எவரும் திருவூடல் தெருவுக்கு வருவதில்லை. தீரும் என்று தெரிந்தேதான் ஆண்டுதோறும் வருகிறார்கள். நம் மாவட்டத்துச் சிற்றூர்களில் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கிறது. துரியோதனன் படுகளத்தில் வீழ்வான் என்பதை அறியாத குழந்தைகூட அங்கில்லை. புரிசைக் கண்ணப்பத் தம்பிரான் போன்ற பெருங்கலைஞர்கள் வளர்த்த அக்கலையில், அடுத்து என்ன நிகழும் என்ற வினாவுக்கு இடமில்லை. எவ்வாறு நிகழும் என்பதே சுவை. விழா என்பதே மீண்டும் நிகழ்வதுதான். ஆதலின் விழா நாளின் கதையும் மீண்டும் வரும் கதையாக இருப்பதே இயல்பு. 'திருவிளையாடல்' நம் மக்களுக்குப் புதுப்பழக்கம் எதையும் கற்பிக்கவில்லை. கூத்துக் களத்தில் இருந்த பழக்கத்தைத் திரைக்கு மாற்றிக் கொண்டது.

இரண்டாவது காரணம் தமிழ். அப்படங்களின் உரையாடல் காதுக்காக எழுதப்பட்டது. எதுகை மோனை, வினா விடை, அடுக்கு என்னும் அழகுகள் அதில் நிறைந்திருந்தன. கோயில் திருவிழாக்களிலும் திருமண வீடுகளிலும் ஒலிபெருக்கி வழியே அவ்வுரையாடல்கள் முழங்கின. வானொலி ஒலிச்சித்திரமாக வழங்கியது. படத்தைக் காணாமலே படத்தை மனப்பாடம் செய்தவர்கள் பலர்.

இவ்விடத்தில் பெண்கள் சார்பில் ஒன்று கூறியாக வேண்டும். பண்டிகை நாளில் கூடத்தில் அமர்ந்து படம் பார்த்தவர்கள் யார்? வடைக்கு அரைத்துக்கொண்டும் பாயசம் கிளறிக்கொண்டும் அடுப்படியில் நின்ற தாய்மார்கள் அப்படங்களைப் பார்த்தார்கள் என்பதைவிடக் கேட்டார்கள் என்பதே பொருந்தும். முகம் தெரியாமல் குரலால் மட்டும் கதையைத் தொடர முடிந்தது என்றால், அதற்கு அந்தத் தமிழின் ஆற்றலே காரணம். கையில் கரண்டியோடு அடுத்த வரியை முன்கூட்டியே சொல்லும் பெண்மணிகளை நாம் எல்லோரும் அறிவோம். அவர்களுள் பலர் யாப்பிலக்கணம் படித்தவர்கள் அல்லர். ஆனால் ஓசை பிசகினால் கண்டுகொள்வார்கள். அச்செவியை வளர்த்ததில் இப்படங்களுக்குப் பங்குண்டு.

மூன்றாவது காரணம் கவிஞர்களாகிய உங்களுக்கு மிக நெருக்கமானது. இப்படங்களில் புலவன் கதைமாந்தனாக வருகிறான். 'சரஸ்வதி சபத'த்தில் ஊமையாயிருந்து கவிஞனானவன் அரசியைப் பாட மறுத்துச் சிறை புகுகிறான். 'திருவிளையாட'லில் நாகேஷ் நடித்த தருமி, வறுமையின் கொடுமையால் பிறர் எழுதிய பாட்டைத் தன் பாட்டென்று கொண்டு செல்கிறான். எதிரே நக்கீரராக நிற்பவர் இயக்குநர் நாகராஜனே. கடவுளே எழுதினாலும் குற்றம் குற்றந்தான் என்னும் துணிவைக் கோடிக்கணக்கான பாமர மக்கள் கைதட்டி ஏற்றுக்கொண்ட காட்சி அது. ஓர் இலக்கியத் திறனாய்வுச் சண்டை, ஒரு நாட்டு மக்களின் பண்டிகை விருந்தாக அமைவது எளிய செய்தியா? 1964இல் டி.எம். சௌந்தரராசன் நடித்த 'அருணகிரிநாதர்' இவ்வூர்ப் பெருங்கவிஞரின் கதை. கோபுரத்திலிருந்து வீழ்ந்தவரை முருகன் தாங்கினான் என்று கம்பத்து இளையனார் சன்னதியில் நாம் கேட்டு வளர்ந்ததைத் தமிழகமெங்கும் கொண்டு சென்றது அப்படம். சந்தக் கடுமையால் புலவர்களும் தயங்கும் திருப்புகழைத் தேநீர்க் கடை வரை கொண்டு சேர்த்தது அவர் குரல்.

தடைகள் இல்லையா? உண்டு. குறுந்தொகையின் இரண்டாம் பாடல் இறையனார் பெயரில் அமைந்த அகப்பாடல். அதில் தருமியும் இல்லை, பாண்டியன் பரிசும் இல்லை. அக்கதை பிற்காலத் திருவிளையாடல் புராணம் வழி வந்தது. பரஞ்சோதியார் பாடிய அறுபத்து நான்கு விளையாடல்களுள் சிலவற்றையே திரை எடுத்துக் கொண்டது. என் மாணவர்கள் சங்கப் பாடலைப் படிக்கையில் நாகேஷின் முகமே அவர்கள் கண்முன் நிற்கிறது. இதனைக் கேடு என்று கூறும் அறிஞர்கள் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. வாயிலுக்கு வந்தவர்களை உள்ளே அழைத்துச் செல்வது ஆசிரியர் கடமை. திரை வாயில் வரை கொண்டு வந்துவிட்டது.

ஆனால் இன்னொரு தடையை அவ்வளவு எளிதில் கடக்க இயலாது. தந்தையின் வேள்விக்குச் சென்ற தாட்சாயணியைக் கணவன் எரிக்கும் காட்சியை ஆண்டுதோறும் பெண் குழந்தைகளும் பார்க்கிறார்கள். மீண்டும் மீண்டும் காண்பது மொழியை மட்டுமா பதிய வைக்கிறது? பணிவே பெண்ணுக்கு அழகு என்பதையும் சேர்த்தே பதிக்கிறது. நாம் விரும்பும் படைப்பே ஆயினும் நக்கீரர் வழியில் குற்றத்தைக் குற்றமென்று சொல்லியாக வேண்டும். அப்படம் நமக்குக் கற்பித்த அறமும் அதுவேயன்றோ?

இனி இன்றைய நிலை. 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிற்று. தெருவுக்கு ஒரு பெட்டி இருந்த நாளில் படம் பார்ப்பதும் ஒரு கூட்டுவிழாவாக இருந்தது. 1993ஆம் ஆண்டு சித்திரைப் பிறப்பன்று சன் தொலைக்காட்சி வந்தது. பின்னர்ப் 'முதன்முறையாக' என்னும் சொல் பண்டிகையின் தாரக மந்திரமாயிற்று. பழகியதை விரும்பிய நாளில் புதியதே விற்பனைக்கு வந்தது. அதற்கிடையிலும் சாலமன் பாப்பையா நடுவராக அமர்ந்த பட்டிமன்றங்கள் பண்டிகைக் காலைகளில் நிலைத்தமை தமிழ்ப் பேச்சுக்கு இன்னும் செவியுண்டு என்பதற்குச் சான்று. 48 ஆண்டுகளுக்குப் பின் 2012இல் புதுப்பித்து வெளியிடப்பட்ட 'கர்ணன்' திரையரங்குகளை மீண்டும் நிறைத்ததும் அத்தகையதே.

இப்பொழுது ஆளுக்கொரு கைப்பேசி. எந்தப் படத்தையும் எந்த நேரமும் காணலாம். ஆதலினாலேயே எல்லோரும் ஒரே நேரத்தில் காண்பது அருகிவிட்டது. 2020ஆம் ஆண்டு கார்த்திகை தீபத்தன்று நோய்த்தொற்றின் காரணமாகக் கிரிவலம் தடை செய்யப்பட்டது. மலையடிவாரத்தில் குடியிருப்போர்கூட அர்த்தநாரீசுவரர் எழுந்தருளும் அந்தச் சில கணங்களைத் தொலைக்காட்சியில்தான் கண்டார்கள். மலையுச்சியில் தீபம் ஏறிய கணத்தில் வீட்டுக்கு வீடு விளக்கேற்றினார்கள். அன்று மக்களை இணைத்தது கருவியன்று. ஒரே நேரம் என்னும் உணர்வு. பண்டிகைத் திரை நமக்கு வழங்கிய பெரும்பேறு அதுவே. இழந்து கொண்டிருப்பதும் அதுவே.

கவிஞர்களே! பத்தாண்டுகளாக இவ்வட்டத்தில் புதுக்கவிதைகளே அரங்கேறி வருகின்றன. அரங்கேறியவற்றுள் இரண்டாம் முறை கேட்கப்பட்டவை எத்தனை? புதுமை வேண்டும், அதனை மறுப்பவள் அல்லள் நான். ஆனால் மீண்டும் கேட்கப்படும் வாய்ப்பின்றி எந்தப் படைப்பும் மக்கள் உடைமையாவதில்லை. ஆகவே ஒரு விண்ணப்பம். இனி ஆண்டுவிழாதோறும் முந்தைய ஆண்டுகளில் இங்கு ஒலித்த கவிதைகளுள் ஒன்றைத் தேர்ந்து, அதையே மீண்டும் ஒருமுறை எல்லோரும் கூடிக் கேட்போம். குழந்தைகளையும் அழைத்து வருவோம். சமையலறையில் இருப்பவர்களும் கூடத்துக்கு வந்து அமர்ந்து கேட்கட்டும். அடுத்த வரியை யாரேனும் ஒருவர் முன்கூட்டியே முணுமுணுத்தால், அக்கவிதை நிலைத்துவிட்டது என்று கொள்வோம்.