சின்னமுத்தும் மூளை அழற்சியும்



சின்னமுத்து என்றதும் நம்மில் பலருக்கு வேப்பிலையும் பாடசாலைக்குப் போகாத ஒரு வாரமும்தான் நினைவுக்கு வரும். பெரும்பாலான பிள்ளைகள் சுகமாகிவிடுவார்கள். ஆனால் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு மூளையில் அழற்சி ஏற்படுகிறது. எழுத்தாளர் ரோல்ட் டாலின் மூத்த மகள் ஒலிவியா 1962இல், 7 வயதில், இவ்வாறே இறந்தாள். அப்போது தடுப்பூசி பாவனைக்கு வந்திருக்கவில்லை.

இன்னொரு வடிவம் மிக அரிது. மிகக் கொடியதும் அதுவே. வைரஸ் மூளையில் தங்கியிருந்து, பொதுவாக 7 முதல் 10 ஆண்டுகளின் பின் தலைகாட்டும். நன்றாகப் படித்த பிள்ளை பின்தங்கும், சுபாவம் மாறும், பின்னர் கைகால்கள் திடீர் திடீரென வெட்டி இழுக்கும். இதனை எஸ்.எஸ்.பி.ஈ. என்பர். இதை முற்றாகக் குணமாக்கும் மருந்து இல்லை. 2 வயதுக்கு முன் சின்னமுத்து கண்ட பிள்ளைகளுக்கே ஆபத்து அதிகம்.

இலங்கை 2019இல் சின்னமுத்தை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டது. எனினும் 2023இல் அது மீண்டும் பரவியது. இங்கு 9 மாதத்திலும் 3 வயதிலும் போடப்படும் எம்.எம்.ஆர். ஊசியே நமக்குள்ள காவல். ஊசி போடும் வயதை எட்டாத கைக்குழந்தைக்கோ, சுற்றியிருப்போர் ஊசி பெற்றிருப்பதே காவல்.

தாய்மாரே, அம்மம்மாமாரே, வெளிநாடுகளில் ஊசி போடும் வயது மாறுபடும். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். கைக்குழந்தையுடன் ஊருக்கு வருமுன் வைத்தியரிடம் கேளுங்கள். சின்னமுத்துக் கண்ட பிள்ளைக்கு வலிப்போ, மயக்கமோ, நடையில் தடுமாற்றமோ கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள்.