சீருடை கழன்றது, இசை ஓயவில்லை

(நமது பங்கின் யூபிலி விழாவையொட்டி, பாடகர் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

யூபிலி என்றால் மகிழ்ச்சி என்பது நமக்குத் தெரியும். கொடியேற்றும் சப்பரமும் வாணவேடிக்கையும் நம் கண்ணுக்கும் காதுக்கும் நிறைவு தருகின்றன. ஆனால் யூபிலி என்பது கணக்குப் பார்க்கும் காலமும் ஆகும். நம் முன்னோர் நமக்கு எதை விட்டுச் சென்றனர், நாம் நம் பிள்ளைகளுக்கு எதை விட்டுச் செல்கிறோம் என்று பார்க்க வேண்டிய காலம் இது. அந்த நோக்கத்தோடு, ஓர் இசைக்கலைஞரின் நீண்ட வாழ்க்கையை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். அவர் நம் ஊர்க்காரர் அல்லர். நம் மொழியினரும் அல்லர். நம் மதத்தவரும் அல்லர். ஆயினும் அவரிடம் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு.

அவர் பெயர் கேப்டன் ராம்சிங் தாக்குரி. இமயமலைச் சாரலில், தர்மசாலாவுக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் 1914 ஆகஸ்டு 15-ஆம் நாள் பிறந்தவர். கூர்க்கா குடும்பம், தகப்பனாரும் பட்டாளத்துக்காரர். ராம்சிங் சிறுவனாக இருக்கும்போதே கூர்க்கா ரைபிள்ஸ் படையின் பேண்டு பிரிவில் சேர்ந்தார். துப்பாக்கிப் பயிற்சியோடு மேற்கத்திய இசையையும் வயலினையும் கற்றுக்கொண்டார். நம் வீட்டுப் பிள்ளைகள் ஏழாம், எட்டாம் வகுப்பு படிக்கும் வயது அது.

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1941-இல் அவருடைய படை மலேயாவுக்கு அனுப்பப்பட்டது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் வீழ்ந்தது. ஆயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்கள் போர்க் கைதிகளாயினர். அவர்களிலிருந்து இந்திய தேசிய ராணுவம் உருவானபோது ராம்சிங்கும் அதில் சேர்ந்தார். 1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். ராம்சிங்கின் திறமையைக் கண்ட நேதாஜி அவருக்கு ஒரு வயலினைப் பரிசாக அளித்தார். அந்த வயலினை அவர் தம் ஆயுள் முழுதும் போற்றி வைத்திருந்தார்.

"கதம் கதம் படாயே ஜா" என்ற அணிவகுப்புப் பாடலை நம்மில் பலர் வானொலியில் கேட்டிருக்கிறோம். வன்ஷிதர் சுக்லா எழுதிய அந்தப் பாடலுக்கு மெட்டமைத்தவர் இந்த ராம்சிங்தான். சுதந்திர இந்தியத் தற்காலிக அரசுக்கென அமைந்த கீதத்திற்கும் அவரே இசையமைத்தார். அந்த அணிகளில் நடந்தவர்கள் யார் என்பதையும் நாம் மறக்கலாகாது. மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலும் பர்மாவிலும் உழைத்த தமிழர்கள், ஆண்களும் பெண்களுமாக, பெருந்தொகையாக அந்தப் படையில் சேர்ந்தனர். ஜான்சி ராணி படைப்பிரிவில் தமிழ்ப் பெண்கள் ஏராளம். இந்தி தெரியாத அந்தத் தமிழ்க் கால்கள் ராம்சிங்கின் மெட்டுக்கு அடியெடுத்து வைத்தன. சொல் புரியாத இடத்திலும் இசை புரியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அந்தப் படை 1944-இல் இம்பால் போர்முனையில் தோல்வி கண்டது. 1945-இல் எல்லாம் முடிந்தது. நேதாஜி இல்லை, படை கலைந்தது, வீரர்கள் கைதிகளாகத் தாயகம் கொண்டுவரப்பட்டனர். செங்கோட்டையில் நடந்த விசாரணை நாட்டையே உலுக்கியது. பின்னர் விடுதலை கிடைத்தது. 1947 ஆகஸ்டில் அதே செங்கோட்டையில் தேசியக்கொடி ஏறியபோது ராம்சிங்கின் வாத்தியக் குழு அங்கே இசைத்தது. கைதிகளைக் கண்ட கோட்டையில் அவர்களுடைய கீதம் ஒலித்தது!

கதை இத்துடன் முடிந்திருந்தால் அது ஒரு சினிமாக் கதை போல இனிமையாக இருந்திருக்கும். ஆனால் வாழ்க்கை அப்படி முடிவதில்லை. இந்திய தேசிய ராணுவத்தினர் சுதந்திர இந்தியாவின் ராணுவத்தில் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. கொடிக்காகப் பாடியவருக்குக் கொடியின் கீழ் நிற்க இடமில்லை. மனம் கசந்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட அவருக்குக் காரணம் இருந்தது. "நான் யாருக்காக இசைத்தேன், எனக்கு என்ன கிடைத்தது?" என்று கேட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

அவர் அப்படிச் செய்யவில்லை. 1948-இல் லக்னோவில் உத்தரப்பிரதேச ஆயுதப் போலீஸின் பேண்டு பிரிவில் பணியேற்றார். நேதாஜியின் படைக்கு இசையமைத்தவர், காவலர்களுக்குக் குழல் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் வேலைக்கு வந்தார். அதைச் சிறுமையாக அவர் எண்ணவில்லை. ஏறக்குறைய இருபத்தாறு ஆண்டுகள் அந்தப் பணியில் இருந்து 1974-இல் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகும் வயலினைக் கீழே வைக்கவில்லை. 2002 ஏப்ரல் 15-இல், தமது 87-ஆம் வயதில் அவர் மறைந்தார். அவர் மெட்டமைத்த அந்த அணிவகுப்புப் பாடலை இன்றைக்கும் இந்திய ராணுவத்தின் பேண்டுகள் இசைக்கின்றன. மனிதரைச் சேர்த்துக்கொள்ளாத ராணுவம் அவருடைய இசையைச் சேர்த்துக்கொண்டது!

அன்புக்குரியவர்களே! இதுபோன்ற வாழ்க்கைகள் நம் மண்ணுக்கும் புதியவை அல்ல. 1741-இல் கொளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி தெலனாய், பின்பு திருவிதாங்கூர்ப் படையைப் பயிற்றுவித்து, 1777-இல் உதயகிரிக் கோட்டையிலேயே கண்மூடினார். நம் புனித தேவசகாயத்திற்கு விசுவாசத்தின் வழியைக் காட்டியவர் அந்தத் தோற்றுப்போன போர்வீரர்தான் என்பதை நாம் அறிவோம். அதுபோலவே நம் கத்தோலிக்கப் பெரியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை, முன்சீப் பணியை விட்டபின் ஓய்ந்திருக்கவில்லை. மாயூரம் நகராட்சித் தலைவராக இருந்து ஊருக்கு உழைத்தார். 1876 முதல் 1878 வரை வாட்டிய கொடும் பஞ்சத்தில் ஏழைகளின் பசி தீர்த்தார். கீர்த்தனைகளும் இயற்றினார். பதவி போன பிறகுதான் ஒரு மனிதரின் உண்மையான பயன் தெரிகிறது என்பதற்கு இவர்கள் சாட்சிகள்.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம்.

நம் பங்கின் பேண்டு வாத்தியக் குழுவைத் தொடங்கி வைத்தவரும் பட்டாளத்திலிருந்து வந்த ஒரு பெரியவரே. தம் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டபடியால் நாங்கள் சொல்லவில்லை. அவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். பென்ஷன் பணத்தில் முதல் கிளாரினெட்டை வாங்கியவர் அவர். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் முற்றத்து மர நிழலில் பையன்களை வரிசையாக நிறுத்தி, "மூச்சை வயிற்றிலிருந்து எடுடே!" என்று அதட்டியவர் அவர். தெருவிளக்கு எரியாவிட்டாலும், ஓடையில் குப்பை அடைத்துக்கொண்டாலும் பேரூராட்சி அலுவலகத்திற்கு மனு எழுதிக்கொண்டு முதலில் நடப்பவரும் அவரே. "தாத்தா, உங்களுக்கு ஏன் இந்தப் பாடு?" என்று நாங்கள் ஒருமுறை கேட்டோம். "பட்டாளத்தில் இருந்தபோது நாட்டைக் காத்தேன் என்றார்கள். இந்தத் தெருவும் நாட்டில்தானே இருக்கிறது?" என்றார். அதற்குமேல் எங்களுக்குப் பேச்சில்லை.

இன்று அவருக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. மூச்சும் முன்போல இல்லை. அவரிடம் கற்ற பிள்ளைகளில் பலர் வேலை தேடி வளைகுடா நாடுகளுக்கும் கேரளத்திற்கும் சென்றுவிட்டனர். வாத்தியங்கள் சாக்ரிஸ்தி அறையின் மூலையில் துணி போர்த்திக் கிடக்கின்றன. சென்ற ஆண்டுத் திருவிழாவில் நாம் வெளியூரிலிருந்து கூலிக்கு பேண்டு அழைத்தோம். சப்பரம் அவர் வீட்டு வாசலைக் கடந்தபோது, அவர் நாற்காலியிலிருந்து எழுந்து கைகூப்பி நின்றார். பிறகு எங்களில் ஒருவனைக் கூப்பிட்டு, "இது நம்ம பிள்ளைகள் இல்லையே?" என்று மெல்லக் கேட்டார். அவர் குறை சொல்லவில்லை, கேட்டார், அவ்வளவுதான். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாமல் நாங்கள் தலைகுனிந்தோம்.

குற்றம் வேறு யாருடையதும் அல்ல, எங்களுடையது. கற்றுக்கொண்ட நாங்கள் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. அவர் எங்களுக்குச் செலவிட்ட ஞாயிறுகளை நாங்கள் எங்கள் தம்பிமாருக்குச் செலவிடவில்லை. ராம்சிங் இருபத்தாறு ஆண்டுகள் கற்றுக்கொடுத்தார். எங்களால் இருபத்தாறு வாரங்கள் முடியாதா?

ஆகவே இந்த யூபிலி ஆண்டில் நாங்கள் ஒரு வாக்குறுதி கொடுக்கிறோம். வரும் ஞாயிறு முதல், இரண்டாம் பூசை முடிந்ததும், அதே முற்றத்தில் ஒரு மணி நேரம் வாத்தியப் பயிற்சி நடக்கும். பையன்கள் மட்டுமல்ல, பெண் பிள்ளைகளும் வரலாம். கட்டணம் இல்லை. பழுதான வாத்தியங்களைச் சீராக்கும் செலவை நாங்களே பகிர்ந்துகொள்வோம். பெரியவருக்கு ஒரு நாற்காலி போட்டிருப்போம். அவர் ஊத வேண்டாம். கேட்டுக்கொண்டிருந்தால் போதும், தப்பினால் அதட்டினால் போதும். பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளை அனுப்பி வையுங்கள் என்று கைகூப்பி வேண்டுகிறோம்.

அடுத்த திருவிழாவில் நம் சப்பரம் அவர் வாசலைக் கடக்கும்போது, அவர் எழுந்து நின்று கேட்கும் அந்தக் கேள்விக்கு, "ஆமாம் தாத்தா, நம்ம பிள்ளைகள்தான்!" என்று சொல்லும் பாக்கியத்தை இறைவன் நமக்கு அருள்வாராக.