சுப்புவை யாரும் கணக்குல எடுக்கல

இன்னிக்கு ஸ்பாய்லர் இருக்கு. ‘ஆரண்ய காண்டம்’ பாக்காதவங்க இங்கயே நிறுத்திடுங்க.

1944-ல வந்த ஹாலிவுட் நுவார் படம் ‘டபுள் இன்டெம்னிட்டி’. புருஷனைக் கொல்லத் திட்டம் போட்ட பொண்ணு கடைசியில செத்துடுவா. குற்றம் செஞ்சவங்க தப்பிக்கக் கூடாதுன்னு அப்போ அங்க தணிக்கை விதியே இருந்தது.

2011-ல தியாகராஜன் குமாரராஜா இதைத் திருப்பிப் போட்டார். சிங்கப்பெருமாள் வீட்ல அடைபட்டுக் கிடந்த சுப்பு, தன்னோட ஓடிவரத் தயாரா இருந்த சப்பையையும் கொன்னுட்டு, தனியா நடந்து போறா.

காலேஜ்ல பாத்தப்ப ‘பாவம் சப்பை’ன்னேன். போன வாரம் தாம்பரம் ட்ரெயின்ல, போன்ல அந்த கிளைமாக்ஸை மறுபடி பாத்தேன். அந்த ரவுடிங்க மாதிரியே நானும் சுப்புவைக் கணக்குலயே எடுக்கலன்னு அப்பதான் புரிஞ்சது.

நீங்க யாருக்காக வருத்தப்பட்டீங்க? சொல்லுங்க.