புகை மணக்கும் தேயிலை



வாசனைத் திரவியம் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு மல்லிகையும் சந்தனமும் ரோஜாவும் நினைவுக்கு வருகின்றன. புகையைக் குப்பியில் அடைத்து விற்கிறார்கள் என்று சொன்னால் பலர் நகைக்கக்கூடும். ஆயினும் விற்கிறார்கள், விலை கொடுத்து வாங்குவோரும் இருக்கிறார்கள். விறகுப் புகையில் உலர்த்திய தேயிலையின் மணத்தை ஒத்த திரவியங்கள் மேனாடுகளில் கால் நூற்றாண்டுக்கும் மேலாக வழங்கி வருகின்றன. அவற்றுட் பல, ஆடவர்க்கு ஒன்று, மகளிர்க்கு ஒன்று எனப் பிரிக்கப்படாமல் இருபாலார்க்கும் பொதுவாகச் செய்யப்பட்டவை. பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தை விட்டுப் பெருநகரங்களில் குடியேறிய நம்மவர் சிலரும் இவற்றைப் பூசிக்கொள்ளத் தொடங்கியிருக்கிறார்கள். பூசிக்கொண்டவர்கள் அதை எவ்வாறு உணர்கிறார்கள் என்பதே இன்றைய பேச்சின் பொருள். ஒரே குப்பி ஒருவருக்கு வீட்டையும் மற்றொருவருக்குத் தீ விபத்தையும் நினைவூட்டுவது ஏன் என்பது சிறிது ஆராயத்தக்கது.

முதலில் அந்தத் தேயிலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சீன தேசத்தின் தென்கிழக்கில் ஃபூஜியான் மாகாணத்தில் வூயி மலைத்தொடர் இருக்கிறது. அங்கே தொங்மூ என்ற மலைக் கிராமத்தைச் சுற்றி விளையும் தேயிலையைப் பைன் விறகின் அனலில் வாட்டி, உருட்டி, கறுக்கவிட்டு, மீண்டும் அதே விறகின் புகையில் உலர்த்துவார்கள். இதற்கென்றே பல தட்டுகளாகக் கட்டிய மரக் கட்டடங்கள் உண்டு. கீழே நெருப்பு, மேலே மூங்கிற் சல்லடைகளில் இலை. வெளிநாட்டு வாணிகத்தில் லாப்சாங் சூஷாங் என்று பெயர் பெற்ற தேயிலை இதுவே. படை வீரர்கள் ஊருக்குள் தங்கியதால் இலையை உரிய காலத்தில் உலர்த்த முடியாமற் போகவே, குடியானவர்கள் அவசரமாகப் பைன் விறகை மூட்டி உலர்த்தினார்கள் என்றும், அவ்வாறு கெட்டுப்போனதாக எண்ணிய சரக்கே பிறகு புகழ் பெற்றதென்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை உண்மையோ அன்றோ, அந்தத் தேநீரை முதன்முதல் அருந்தும் தமிழர் எவரும் பாத்திரம் அடிப்பிடித்துவிட்டதோ என்றுதான் ஐயுறுவார். காப்பிக்குப் பழகிய நாவுக்குத் தேநீரே ஒரு சமரசம். அதிலும் புகையென்றால் கேட்க வேண்டுமா?

இனி, குப்பிக்குள் இருப்பது இந்தத் தேயிலைதானா? பெரும்பாலும் இல்லை. தேயிலையிலிருந்து வாசனைச் சாறு இறக்க முடியும். ஆனால் வாசனை வல்லுநர்கள் தேநீரின் மணத்தை அநேகமாக வேறு பொருள்களைக் கூட்டியே தோற்றுவிக்கிறார்கள். ஷான்-குளோத் எலெனா என்ற பிரெஞ்சு வல்லுநர் பாரிஸ் நகரத் தேயிலைக் கடை ஒன்றில் டப்பாக்களைத் திறந்து திறந்து முகர்ந்து பார்த்து, ஊதாப்பூ மணமுள்ள அயனோன் என்ற பொருளையும் மல்லிகையின் சாயல் கொண்ட ஹெடியோன் என்ற பொருளையும் சேர்த்தால் தேநீரின் மணம் எழுகிறது என்று கண்டார். அந்தக் கண்டுபிடிப்பிலிருந்து பிறந்த பச்சைத் தேயிலைத் திரவியத்தைப் பல்காரி நிறுவனம் 1992-ஆம் ஆண்டில் வெளியிட்டது. இதை வெறும் கண்கட்டு வித்தை என்று தள்ளிவிடுவதற்கில்லை. அயனோன் வகைப் பொருள் ஒன்று தேயிலையிலும் இயற்கையாக இருக்கிறது.

பச்சைத் தேயிலை தூய்மையும் குளிர்ச்சியும் உடையது. புகைத் தேயிலை வந்தது சற்றுப் பின்னர். 1998-ல் அதே பல்காரி நிறுவனத்திற்காக அன்னிக் மெனார்தோ என்ற அம்மையார் தேயிலைப் புகையோடு ரப்பரின் வாடையையும் வெனிலாவையும் கலந்து ‘பிளாக்’ என்ற திரவியத்தை அமைத்தார். 2000-ல் ஒலிவியா ஜியாகொபெத்தி என்ற மற்றோர் அம்மையார் லார்த்திஸான் பர்ஃப்யூமர் நிறுவனத்திற்காக ‘டீ ஃபார் டூ’ என்பதை அமைத்தார். இருவருக்கான தேநீர் என்பது அதன் பொருள். இஞ்சி, இலவங்கப்பட்டை, தேன், வெனிலா, இவற்றினூடே மெல்லப் படரும் புகை. இவ்வளவே அதன் உருவம். வடநாட்டில் குளிர்காலக் காலையில் இஞ்சி தட்டிப் போட்டுக் கொதிக்கும் தேநீருக்குப் பக்கத்தில் ஒரு கரியடுப்பு புகைந்துகொண்டிருந்தால் எவ்வாறு மணக்குமோ அவ்வாறு மணக்கிறது என்று சொன்னால் பெரிதும் பிழையாகாது.

புகைக்கு வேண்டிய பொருள்கள் எங்கிருந்து கிடைக்கின்றன? பூர்ச்ச மரப்பட்டையைக் காற்றுப் புகாமல் சுட்டால் வடியும் கீலும், ஜூனிப்பர் வகை மரத்தைச் சுட்டெடுக்கும் காட் எண்ணெயும் பழைய வழிகள். ருஷ்யத் தோலுக்குப் பேர்போன வாடையைத் தந்தது அந்தப் பூர்ச்சக் கீல்தான். கச்சாக் கீலில் உடலுக்குக் கேடான பொருள்கள் இருப்பதால், இப்போது வாசனைத் தொழிலில் சுத்திகரித்த சரக்கையே அளவோடு சேர்க்கிறார்கள். புகையின் முதன்மையான மணப்பொருள்களுள் ஒன்று குவாயகால் எனப்படும். மரத்திற்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் எரிந்து சிதையும்போது பிறப்பது அது. நேயர்கள் வியப்படையத்தக்க செய்தி ஒன்று இங்கே உண்டு: நாம் வறுத்து அரைக்கும் காப்பிக் கொட்டையின் மணத்திலும் இதே குவாயகால் இருக்கிறது. வெனிலாவின் மணப்பொருளான வெனிலினோ குவாயகாலின் நெருங்கிய உறவு; தொழிற்சாலைகளில் குவாயகாலிலிருந்தே வெனிலினைத் தயாரிக்கிறார்கள். ஆகவே புகையும் வெனிலாவும் ஒன்றோடொன்று இழைந்து போவது தற்செயல் அன்று.

இருபாலார்க்கும் பொது என்ற செய்தியைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. மேனாட்டுக் கடைகளில் அது ஒரு புதுமையாக விளம்பரம் பெற்றது. 1994-ல் வெளிவந்த ‘சீகே ஒன்’ அந்த விளம்பரத்தாலேயே உலகெங்கும் பரவியது. ஆனால் 1709-ல் கொலோன் நகரில் ஃபரீனா தொடங்கிய கடையின் வாசனை நீரையே ஆண் பெண் இருவரும் தெளித்துக்கொண்டார்கள். நம் நாட்டிலோ கன்னோசி நகரத்து அத்தரில் ஆண் பெண் என்ற வேற்றுமை என்றும் இருந்ததில்லை. சங்கப் பாடல்களில் மகளிர் கூந்தலுக்கு அகிற்புகை ஊட்டுகிறார்கள். ஆடவர் மார்பில் சந்தனம் பூசிக்கொள்கிறார்கள். குழந்தையைக் குளிப்பாட்டியபின் தலைமுடிக்குச் சாம்பிராணிப் புகை காட்டும் பாட்டிமார் ஆண் குழந்தையா பெண் குழந்தையா என்று பார்ப்பதில்லை. புகையை உடம்பில் ஏற்றிக்கொள்வதும் நமக்குப் புதிதன்று. அதைக் குப்பியிலிருந்து ஏற்றிக்கொள்வதுதான் புதிது.

இப்போது அணிந்தவர்களின் அனுபவத்திற்கு வருவோம்.

மும்பையில் மாதுங்காப் பகுதியில் ஒரு தமிழர் இல்லத்தில் இந்த வகைத் திரவியம் ஒன்றை ஒரு மாலைப்பொழுதில் ஐந்தாறு பேர் பரீட்சித்துப் பார்த்தோம். வீட்டுக்குரியவர், வங்கி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், மணிக்கட்டில் இரு துளி இட்டு முகர்ந்தார். “எங்கள் ஊர்க் கொல்லைப்புறம், வெந்நீர்த் தவலை, சவுக்கு விறகு” என்று மூன்றே சொற்றொடர்களில் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய மருமகள் சாம்பிராணி என்றார். சாம்பிராணிப் பிசினிலேயே வெனிலாவை ஒத்த இனிமை இருப்பதால் அவர் சொன்னது மிகச் சரியான கணிப்பு. பக்கத்து வீட்டு மராட்டிய நண்பர் ஹோலிக்கு முதல் நாள் மூட்டும் நெருப்பைக் கண்டார். கல்லூரியில் படிக்கும் பேரன், சமையல் எரிவாயுவைத் தவிர வேறு அடுப்பையே அறியாதவன், மலையேற்றத்தின்போது நண்பர்களோடு கூடாரமடித்துத் தங்கிய ஓர் இரவைச் சொன்னான். ஒருவர் மட்டும் மருத்துவமனையில் காயத்திற்குக் கட்டுப் போடும் அறை என்று முகம் சுளித்தார். அதுவும் ஆதாரமற்றதன்று, பழைய கிருமிநாசினிகள் சில குவாயகாலின் இனத்தைச் சேர்ந்தவையே.

வீட்டுக்குரியவரின் தாயார் தொண்ணூறை எட்டியவர். காகிதத் துண்டை வாங்கி ஒருமுறை முகர்ந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். “இதை நான் முப்பது வருஷம் இலவசமாக முகர்ந்திருக்கிறேனடா. ஊதுகுழலும் நானுமாக. உனக்கு வெந்நீர் மணக்கிறது, எனக்குக் கண் எரிகிறது” என்றார். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அந்த மூதாட்டியின் சொல்லை நான் பல நாள் எண்ணிப் பார்த்தேன். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே புகை. தவலையருகில் குளிருக்கு இதமாக நின்ற சிறுவனுக்கு அது பரிமளம். ஈரச் சுள்ளியை ஊதி எரியவைத்தவருக்கு அது இருமல். வீட்டுக்குள் விறகும் வரட்டியும் போன்ற எரிபொருள்களை எரிப்பதால் எழும் மாசு 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 இலட்சம் மரணங்களுக்குக் காரணமாயிற்று என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. புகை மணம் நமக்கு இன்பமாகத் தோன்றுவது, அந்தப் புகையிலிருந்து நாம் விலகி வந்துவிட்டதனால்தானோ என்று ஐயுற இடமிருக்கிறது. அதனால் இந்தத் திரவியத்தை வெறுக்க வேண்டுமென்று நான் சொல்ல வரவில்லை. மாதுங்காவில் கண்ணை மூடிக்கொண்டவரின் முகத்தை நானும் பார்த்தேன். ஊரில் அந்தக் கொல்லைப்புறம் இப்போது இல்லை, அவ்விடத்தில் மாடிக் கட்டடம் எழுந்துவிட்டது என்று அவரே பின்னர் சொன்னார்.

மணம் இவ்வாறு ஆளுக்கொன்றாகப் பேசுவதற்கு உடற்கூற்றிலும் காரணம் உண்டு. மனிதனின் மூக்கில் ஏறக்குறைய 400 வகையான மண ஏற்பிகள் இருக்கின்றன. இவற்றை ஆக்கும் மரபணுக்களைக் கண்டறிந்ததற்காக ரிச்சர்ட் ஆக்ஸல், லிண்டா பக் என்ற இரு அறிஞர்களுக்கு 2004-ல் நோபெல் பரிசு கிடைத்தது. இந்த ஏற்பிகள் எல்லாரிடமும் ஒரே அமைப்பில் இருப்பதில்லை. ஆகவே ஒரு பொருள் ஒருவருக்கு ஓங்கி மணக்கும். மற்றொருவருக்கு மணக்காமலே போகலாம். மேலும், காட்சியும் ஒலியும் தலாமஸ் என்னும் நடு நிலையத்தைக் கடந்தே மூளையின் மேற்பகுதியை அடைகின்றன. மணத்தின் செய்தியோ அந்தச் சுற்று வழியில்லாமல், உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளை நேரே சென்று தட்டுகிறது. பெயர் நாவில் எழுமுன் கண்ணில் நீர் வந்துவிடுவதற்கு இதுவே காரணம் போலும்.

வாங்க விரும்புவோர்க்குச் சில வார்த்தைகள். கடையில் காகிதத்தில் முகர்ந்த உடனே முடிவு செய்யலாகாது. முதற்கால் மணி நேரத்தில் எழுவது எலுமிச்சையினப் பழத்தோல் போன்ற இலேசான மணங்களே. அவை பறந்த பின்னரே இஞ்சியும் தேயிலையும் முகம் காட்டும். புகையும் வெனிலாவும் கடைசி வரை நிற்கும். ஆதலால் கையில் இட்டுக்கொண்டு இரண்டு மூன்று மணி நேரம் உலாவி வரவேண்டும். வெப்பத்தில் வாசனை விரைந்து எழும். சென்னை, மும்பை போன்ற கடலோர ஊர்களின் புழுக்கத்தில் ஒரு துளியே மிகுதி. சித்திரை வெயிலில் இதை அணிந்து பேருந்தில் ஏறுபவர் அடுத்த இருக்கையில் இருப்பவரின் பகையைத் தேடிக்கொள்கிறார் என்பது என் கருத்து. தில்லி, சிம்லா போன்ற இடங்களின் குளிருக்கே இது ஏற்றது. அணிந்தவரின் மூக்கு சிறிது நேரத்தில் பழகிப்போய், மணம் போய்விட்டதென்று ஏமாற்றும். அதை நம்பி மீண்டும் தெளித்துக்கொள்ளக் கூடாது, மற்றவர்களுக்கு அது இன்னும் மணந்துகொண்டுதான் இருக்கும். ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீட்டில் கேட்டுக்கொண்டு அணிவதே முறை.

தோலைக் காட்டிலும் கம்பளித் துணி இந்த மணத்தை நெடுநேரம் பிடித்துவைக்கும். கறை படியாத மூலையில் ஒரு துளி இட்ட சால்வையை மறுநாள் காலையில் எடுத்துப் போர்த்தினால், இஞ்சியும் பட்டையும் போயிருக்கும். அணைந்த அடுப்பின் சாம்பற் சூடு போன்ற ஓர் எச்சம் மட்டும் நூலிழைகளுக்குள் தங்கியிருக்கும்.