மறுமுறை எழுதுவது எப்போது?
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

மாணவர்க்குச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் நம்மைப் பணித்தார்கள். ஆனால் இன்று மாணவரைக் காட்டிலும் பெற்றோரிடமே பேச வேண்டிய பொருள் ஒன்று நம் நெஞ்சில் நிற்கின்றது. ஆண்டுதோறும் சூன் திங்களில், மழை தொடங்கும் வேளையில், தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பல தமிழ் இல்லங்களில் ஒரே கேள்வி எழுகின்றது. "மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை; மறுபடியும் எழுதுவதா? எழுதுவதாயின் எப்போது?" என்பதே அக்கேள்வி. இதற்கு நம்மிற் பெரும்பாலோர் ஒரே இரவில் விடை கூறிவிடுகின்றோம். அவ்விடை பிள்ளையின் வாழ்வில் ஓராண்டை, சில வேளைகளில் மூன்றாண்டுகளை விழுங்கிவிடுகின்றது.

தாராவித் தொண்ணூறடிச் சாலையை அடுத்த ஒரு வீட்டில் நடந்ததைக் கூறுகின்றோம். அது இட்லி வாணிகம் செய்து பிழைக்கும் குடும்பம். மூத்த பெண் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றவள். நீட் தேர்வில் தகுதி பெற்றாள், இடம் கிடைக்கவில்லை. மறுநாட் காலையிலேயே தந்தையார் பயிற்சி வகுப்புக்கு மீண்டும் பணம் கட்டிவிட்டார். அவ்வாறு செய்யுமாறு அவருக்கு அறிவுரை கூறியவர்களுள் நாமும் ஒருவர். அடுத்த ஆண்டும் மதிப்பெண் சிறிதே ஏறிற்று, இடம் கிடைக்கவில்லை. மூன்றாம் முறைக்குப் பணம் கட்டப் புறப்பட்ட தந்தையிடம் அப்பெண் முதன்முறையாக வாய் திறந்தாள். "கிரைண்டர் நிக்கிற நேரந்தான் அப்பா, நான் படிச்ச நேரம்" என்றாள். ஒற்றை அறை வீடு. நள்ளிரவு வரை மாவு அரையும். விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு ஏறும். இதை நாம் அனைவரும் கண்ணாற் கண்டிருந்தோம். கண்டும், "ஏன் தவறியது?" என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆகவே, மறுமுயற்சிக்கு உரிய காலத்தை நாட்காட்டி சொல்லாது. சென்ற முறை குறையாயிருந்தது எதுவோ, அது மாறுவதற்கு வழி பிறந்த காலமே உரிய காலம். நாம் இன்று சொல்ல வந்தது இவ்வளவே. இதைச் சற்று விரித்துரைக்க விடை தர வேண்டுகின்றோம்.

முதலாவதாக, "தகுதி பெற்றும் இடமில்லையே, ஏதோ சூது நடந்திருக்கும்" என்று மனம் புழுங்கும் பெற்றோர் உளர். கணக்கைக் காண்போம். 2025-ஆம் ஆண்டில் நீட் தேர்வை எழுதியோர் ஏறத்தாழ 22 இலட்சம் பேர். தகுதி பெற்றோர் 12 இலட்சத்துக்கும் மேற்பட்டவர். நாடு முழுவதிலும் இருந்த எம்.பி.பி.எஸ். இடங்களோ 1 இலட்சத்து 20 ஆயிரம் அளவினவே. தகுதி பெற்ற பதின்மரில் ஒருவர்க்கே இடம். எஞ்சிய ஒன்பதின்மரையும் அறிவற்றவர் என்று கூறுதல் தகுமா? தகுதி என்பது வாயிலில் நிற்க அளிக்கும் அனுமதி. உள்ளே இருக்கை உண்டு என்னும் உறுதியன்று. இதனை உணர்ந்தால் வீட்டில் பாதி வசைமொழி குறையும்.

இரண்டாவதாக, "வயது போய்விடுமே" என்னும் அச்சம். இளநிலை மருத்துவப் படிப்புக்கு 25 என்றும், இடஒதுக்கீட்டுப் பிரிவினர்க்கு 30 என்றும் இருந்த வயது வரம்பைத் தேசிய மருத்துவ ஆணையம் 2022-ஆம் ஆண்டில் நீக்கிவிட்டது. இத்தனை முறைதான் எழுதலாம் என்னும் வரையறையும் இல்லை. இந்நகரின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. 1864-இல் பம்பாயில் பிறந்த ருக்மாபாய் அம்மையார், குழந்தைப் பருவத்தில் நடந்த திருமணத்தை எதிர்த்து நீதிமன்றத்தில் பல்லாண்டுகள் போராடியவர். அத்தளை நீங்கிய பின்னரே, 1889-இல் இலண்டன் மாநகர் சென்று பெண்கள் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு அகவை இருபத்தைந்தை ஒட்டியிருந்தது. 1894-இல் மருத்துவராகித் தாயகம் திரும்பி, சூரத்திலும் இராசகோட்டிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மக்களுக்குத் தொண்டு புரிந்தார். தடை நீங்கிய காலமே அவருக்குத் தொடங்கும் காலமாயிற்று.

எனினும், வரம்பில்லாமை நன்மையே என்றும் கருதிவிடலாகாது. அமெரிக்க நாட்டில் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வை ஓராண்டில் மூன்று முறையும், வாழ்நாளில் ஏழு முறையும் மட்டுமே எழுதலாம் என்று வரையறுத்துள்ளனர். நம் நாட்டில் சட்டம் வரம்பு கட்டாமையால், அவ்வரம்பைக் குடும்பமே கட்டிக்கொள்ள வேண்டியிருக்கின்றது. "இன்னும் ஒரே ஒரு முறை" என்னும் சொல்லுக்கு முடிவே இல்லை என்பதைப் பல வீடுகளில் கண்டிருக்கின்றோம்.

இனி, தவறியது ஏன் என்று ஆராயும் முறையைக் கூறுவோம். 2025-ஆம் ஆண்டுத் தேர்வில் 180 வினாக்கள்; சரியான விடைக்கு 4 மதிப்பெண்; தவறான விடைக்கு ஒன்று குறைக்கப்படும்; மொத்தம் 720. ஒரு மாணவன் 180 வினாக்களுக்கும் விடையளித்து 110 சரி, 70 தவறு என்று வைத்துக்கொள்வோம். அவன் பெறுவது 370. அதே அறிவுடன், குருட்டுத் துணிவால் எழுதிய 40 தவறான விடைகளை மட்டும் எழுதாது விட்டிருப்பின் 410 பெற்றிருப்பான். இவனுக்கு வேண்டுவது தேர்வெழுதும் பழக்கம். அதற்கு அடுத்த ஆண்டே போதும். மற்றொருவன் 100 வினாக்களையே தொட்டான். இயற்பியலில் பாதிப் பாடம் அவனுக்குப் புரியவே இல்லை. இவன் அடிப்படையிலிருந்து கற்க வேண்டியவன். அதே வகுப்பில் அதே முறையில் மறுபடி அமர்ந்தால் அதே விளைவே வரும். ஆதலின் விடைத்தாளின் படியை எடுத்து வைத்துக்கொண்டு, தவறுகளை இவ்வாறு வகைபிரித்து எழுதுதல் வேண்டும். அவ்வாறு எழுதும் வரை பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள்.

மதிப்பெண்ணை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டு மயங்குதலும் கூடாது. 2024-இல் 720-க்கு 720 பெற்றோர் பலர் இருந்தனர். 2025-இலோ நாட்டின் முதல்வர் பெற்றதே 686. பொதுப் பிரிவினர்க்குரிய தகுதி மதிப்பெண்ணும் 162-இலிருந்து 144 ஆக இறங்கிற்று. வினாத்தாளின் கடுமை மாறும்போது எண்ணின் பொருளும் மாறிவிடுகின்றது. ஆகவே "சென்ற ஆண்டைவிட நாற்பது மதிப்பெண் கூடியது" என்று மகிழ்வதற்கும், "குறைந்தது" என்று அழுவதற்கும் முன், தரவரிசை முன்னேறியதா என்று பாருங்கள். அதுவே உண்மையான அளவுகோல்.

மூன்றாவது, நம்மைப் போன்ற புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கே உரிய இடர். சில பிள்ளைகளைத் தடுப்பது மதிப்பெண் அன்று, காகிதம். அரசு மருத்துவக் கல்லூரிகளின் இடங்களில் 15 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீட்டுக்கும் 85 விழுக்காடு மாநில ஒதுக்கீட்டுக்கும் உரியவை. மகாராட்டிர மாநில ஒதுக்கீட்டில் இடம் பெறப் பொதுவாக இம்மாநில இருப்பிடச் சான்று வேண்டும். பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் இங்கேயே படித்துத் தேறியிருத்தலும் வேண்டும். "பாட்டி வீட்டில் இருந்து படிக்கட்டும்" என்று பன்னிரண்டாம் வகுப்புக்குத் திருநெல்வேலிக்கு அனுப்பப்பட்ட பிள்ளை இவ்வுரிமையை இழக்க நேரிடுகின்றது. தமிழில் தேர்வெழுத விரும்பும் பிள்ளைக்கோ பொதுவாகத் தமிழ்நாட்டில் தேர்வு மையம் ஒதுக்கப்பட்டு வருகின்றது.

சாதிச் சான்றிதழ் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். தந்தையின் பணி காரணமாக ஆந்திர மாநிலத்திலிருந்து பம்பாய்க்கு வந்த பழங்குடி மாணவர் ஒருவர், பரேலில் உள்ள சேட் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியின் முதல்வரை எதிர்வாதியாக்கி ஒரு வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சட்ட அமர்வு 1990-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. ஒரு மாநிலத்தில் பட்டியலில் இருக்கும் சாதிக்குரிய சலுகை, வேறு மாநிலத்தில் குடியேறியவருடன் தானாகவே வந்துவிடாது என்பது அத்தீர்ப்பு. இம்மாநிலத்தில் பட்டியல் சாதியினர்க்கு 1950 ஆகஸ்டு 10 என்னும் நாள் அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றது. அந்நாளில் நம் முன்னோர் இங்கு வாழ்ந்தமைக்குச் சான்று காட்ட வேண்டும். அச்சாதி இம்மாநிலப் பட்டியலிலும் இருத்தல் வேண்டும். பின்தங்கிய வகுப்பினர்க்கு அந்நாள் 1967 அக்டோபர் 13. தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த நம் பாட்டனாரின் பழைய பள்ளிச் சான்றோ, வாடகைச் சீட்டோ, ஆலைப் பதிவோ பெட்டியின் அடியில் கிடக்கலாம். அதைத் தேடுங்கள். சான்று வந்த பின்னும் அதன் செல்லுபடியை ஆய்வுக்குழு உறுதி செய்தல் வேண்டும். அதற்குத் திங்கள் பல ஆகும். இக்குறையால் இடம் இழந்த பிள்ளையை மேலும் பத்து மணி நேரம் படிக்கச் சொல்வதில் என்ன பயன்? அப்பிள்ளைக்கு உரிய காலம், சான்று கைக்கு வரும் காலமே.

இனிக் காலக் கணக்கு. அண்மை ஆண்டுகளில் தேர்வு மே முதல் வாரத்தில் நடைபெற்று, சூனில் முடிவு வெளியாகின்றது. கலந்தாய்வுச் சுற்றுகள் மழைக்காலம் முழுவதும் நீள்கின்றன. கடைசிச் சுற்று வரை வாயிலையே நோக்கிக் காத்திருந்தால், அடுத்த தேர்வுக்கான நான்கு திங்கள் வீணாகும். ஆகவே விநாயகர் சதுர்த்திக்கு முன் முடிவு செய்துவிடுங்கள். அதே நீட் மதிப்பெண்ணைக் கொண்டு இம்மாநிலத்தில் பல் மருத்துவம், ஆயுர்வேதம், ஓமியோபதி, இயன்முறை மருத்துவம் ஆகியவற்றிலும் சேர்க்கை நடைபெற்று வருகின்றது. அறிவியற் பட்டப் படிப்பில் சேர்ந்துகொண்டே மறுமுறை எழுதுவோரும் உளர். ஒன்றில் கால் ஊன்றி மற்றொன்றை எட்டிப் பிடித்தல் சிலர்க்கு ஏற்றது. ஓராண்டு முழுவதும் இதற்கே ஒதுக்குதல் சிலர்க்கு ஏற்றது. ஆனால் ஓரிடத்தை ஏற்குமுன் அவ்வாண்டு விதிநூலைப் படியுங்கள். பிற்சுற்றுகளில் பெற்ற இடத்தைக் கைவிட்டால் வைப்புத்தொகை போவதும், மறுதேர்வுக்கே தடை வருவதும் உண்டு.

இறுதியாக ஒன்று. இத்தனையும் ஆராய்ந்த பின்னர், பிள்ளையைத் தனியே அமர்த்தி, "உனக்கு விருப்பமா?" என்று கேளுங்கள். அண்டை வீட்டாரும் படிக்கட்டு வினாக்களும் ஊர்க் கடிதங்களும் இல்லாத வேளையில் கேளுங்கள். "வேண்டாம்" என்று அது சொன்னால், அச்சொல்லுக்கு வீட்டில் இடம் இருக்க வேண்டும். உறக்கம் கெட்டு, உணவு வெறுத்து, யாரோடும் பேசாதிருக்கும் பிள்ளைக்கு அந்த ஆண்டு தேர்வாண்டு அன்று. நலம் பெறும் ஆண்டு. அதனை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது இழிவன்று.

தொடக்கத்திற் கூறிய பெண் மூன்றாம் முறை எழுதவில்லை. பெற்ற மதிப்பெண்ணைக் கொண்டு இயன்முறை மருத்துவத்தில் தானே சேர்ந்தாள். தந்தையார் ஒரு திங்கள் அவளுடன் பேசவில்லை. அவள் நாள்தோறும் சயான் வழியே கல்லூரிக்குச் செல்லும்போது, தாராவியின் எல்லையிலேயே நிற்கும் அப்பெரிய மருத்துவமனையைக் கடந்துதான் போக வேண்டும். அங்கேயே மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றது. அதைக் காணும்போது அவள் நெஞ்சம் என்ன எண்ணிற்றோ, நாம் கேட்கத் துணிந்ததில்லை. இன்று அவள் இறுதியாண்டில் படிக்கின்றாள். அவளுடைய தம்பி இப்போது பதினோராம் வகுப்பு. தந்தையார் கிரைண்டரை வீட்டிலிருந்து எடுத்துச் சந்தின் கோடியில் ஒரு சிறு கொட்டகையை வாடகைக்குப் பிடித்து அங்கே வைத்துவிட்டார். யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவராகவே செய்தார்.

கொட்டகை பிடிக்க இயலாத வீடுகள் நம் காலனியில் பல உள. ஆதலின் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம் செய்து அமைகின்றோம். நம் நூலகத்தின் பின்னறை மாலை ஏழு மணிக்குப் பூட்டப்படுகின்றது. அதனை இரவு பதினொரு மணி வரை திறந்து வைத்து, நான்கு மேசைகளும் இரண்டு விசிறிகளும் அமைத்துத் தர வேண்டும். வாரம் ஒரு நாள், சான்றிதழ் முறைகளை அறிந்த பெரியவர் ஒருவர் அங்கே அமர்ந்து பெற்றோர்க்கு வழி கூற வேண்டும். அதற்கான முதல் மேசையை நாம் அளிக்கின்றோம். அப்பெண்ணுக்கு அன்று கூறிய அறிவுரைக்கு இது ஈடாகாது என்பதை அறிவோம். ஆயினும் அடுத்த பிள்ளைக்கு அமைதியான ஓர் இடமாவது கிடைக்கும்.